இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது எப்படி? அடையாளக் கணக்கு கைகொடுக்கவில்லை

புதுக்கை:

வணக்கம். நான் அண்மையில்தான் ஓட்டுநர் உரிமம் பெற்றேன். சாலையில் ஓட்டுவதிலோ, நெரிசலில் நின்று நின்று நகர்வதிலோ, மேட்டில் வண்டியை எடுப்பதிலோ எனக்குப் பெரிய சிரமம் இல்லை. ஆனால், கோடு போட்டுப் பிரித்த பார்க்கிங் இடத்தில், இருபுறமும் கார்கள் நிற்கும்போது, வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்துவது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பயிற்சியில், பின்கதவுக் கண்ணாடியில் இரண்டாவது கம்பம் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்க வேண்டும், வண்டி நேரானதும் ஒன்றரைச் சுற்றுத் திருப்பிவிட வேண்டும் என்று அடையாளம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சித் திடலில் அந்த அடையாளம் ஒருபோதும் பிசகியதில்லை. வெளியே வந்ததும், வேறு காரில், வேறு அகலமுள்ள இடத்தில், கம்பமே இல்லாத நிலையில், எப்போது ஒடிக்கத் தொடங்குவது என்பதே எனக்குப் புரியவில்லை.

சில நேரம் பக்கத்து வண்டியின் முன்மூலையை நோக்கி என் பின்கதவு போகிறது. சில நேரம் அந்தப் பக்கம் தாராளமாக இடம் இருக்கையில் எதிர்ப்பக்கத்து வண்டியைப் பின்பம்பர் நெருங்குகிறது. இரண்டுக்கும் காரணம் என்ன, இரண்டையும் எப்படிச் சரிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பின்புறக் கேமரா இருக்கிறது. அதை மட்டும் பார்த்து நிறுத்தலாமா என்பதையும் சொல்லுங்கள். முன்பக்கமாகவே நுழைந்துவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்றும் சில நேரம் தோன்றுகிறது.

அச்சாணி:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான கார்களில் திரும்புபவை முன்சக்கரங்கள் மட்டுமே. பின்சக்கரங்கள் எப்போதும் வண்டியின் உடலுக்கு நேராகவே நிற்கும். ஆகவே வண்டி வளையும்போது, அது சுற்றும் வட்டத்தின் மையம் பின்அச்சைப் பக்கவாட்டில் நீட்டினால் கிடைக்கும் கோட்டின் மேல்தான் எங்கேனும் இருக்கும். முன்சக்கரம் பெரிய வட்டத்தில் போகும். உள்பக்கத்துப் பின்சக்கரம், அதாவது வண்டி வளையும் பக்கத்தில் உள்ளது, அதைவிட மிகச் சிறிய வட்டத்தில் போகும். ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர், வெளிப்பக்கத்து முன்சக்கரம் போடும் வட்டத்தின் ஆரம் 5 மீட்டர் என்றால், உள்பக்கத்துப் பின்சக்கரம் போடும் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 3 மீட்டர்தான். இந்த 2 மீட்டர் வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

முன்பக்கமாக நுழையும்போது மூக்கு இடத்துக்குள் போய்விடும், ஆனால் பின்சக்கரம் குறுக்குவழியாக வந்து பக்கத்து வண்டியை உரசப் பார்க்கும். பின்னோக்கி நுழையும்போதோ, திரும்பாத அச்சு முதலில் இடத்துக்குள் போய் நிலைத்துவிடுகிறது; திரும்பக்கூடிய முன்சக்கரங்கள் வெளியே, தாராளமான வழியில் இருந்துகொண்டு, பின்பகுதியை வேண்டிய திசைக்குச் செலுத்துகின்றன. அதனால்தான் முன்பக்கமாக நுழைய முடியாத குறுகிய வழியிலும் ரிவர்ஸில் நுழைந்துவிட முடிகிறது. வெளியே எடுக்கும்போது முன்நோக்கியே எடுக்கலாம் என்பது இன்னொரு பெரிய நன்மை. இருபுறமும் வருகிற வண்டிகளும் நடந்துவரும் மனிதர்களும் கண்ணுக்கு நேராகத் தெரிவார்கள். இந்தப் பாடு பட்டே தீர வேண்டிய பாடு என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் இரண்டு சிக்கல்கள். நிறுத்த வேண்டிய இடம் உங்கள் இடப்பக்கம் இருப்பதாகவும், நீங்கள் அதைத் தாண்டிச் சென்று நின்று, இடப்பக்கம் ஒடித்துப் பின்னே வருவதாகவும் வைத்துக்கொள்கிறேன். வலப்பக்கம் என்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். தேவையான நேரத்துக்கு முன்பே ஒடித்துவிட்டால், வண்டியின் உள்பக்கம், அதாவது இடது பின்கதவும் அதன் பின்னுள்ள சக்கரமும், நிறுத்தி முடித்ததும் உங்கள் இடப்பக்கம் இருக்கப்போகும் வண்டியின் முன்மூலையை நெருங்கும். தாமதமாக ஒடித்தால் உள்பக்கம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் வலது பின்மூலை வலப்பக்கத்து வண்டியை நோக்கிப் போகும். நீங்கள் சொன்ன இரண்டும் இவையே.

ஆனால் எப்போது ஒடிப்பது என்பது மட்டும் இதில் கணக்கில்லை. வரிசையிலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டி வருகிறீர்கள் என்பதற்கும் சம பங்கு உண்டு. பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். மேலே சொன்ன அதே காரை 2.5 மீட்டர் அகலமுள்ள இடத்தில் நிறுத்துவதாகக் கணக்கிட்டுப் பார்த்தால், நிற்கும் வண்டிகளிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி ஓட்டி வந்து ஒடிக்கும்போது உள்மூலையில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. 1 மீட்டர் தள்ளி வந்தால் அந்த இடைவெளி ஒரு சாண் அளவுகூட இருக்காது. அரை மீட்டர்தான் தள்ளி வந்திருக்கிறீர்கள் என்றால், எந்த நொடியில் ஒடித்தாலும் ஒரே வீச்சில் கோடுகளுக்குள் போய் நிற்பது ஏறக்குறைய இயலாது. ஆகவே முதலில் வரிசையை விட்டு விலகி வாருங்கள். உங்கள் பின்சக்கரம், நிறுத்தப்போகும் இடத்தையும் தாண்டி, அடுத்து நிற்கும் வண்டியின் தொலைவு ஓரத்துக்கு நேராக வரும்வரை முன்னே செல்லுங்கள். அங்கே நின்று முழுவதும் ஒடித்தால், பெரும்பாலான சிறிய கார்களுக்கு ஏறத்தாழச் சரியாக வரும். இது தொடக்கப் புள்ளிதான். உங்கள் வண்டிக்கு இது சிறிது முன்னே பின்னே இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பின்பகுதி இடப்பக்கம் போகையில் முன்மூலை வலப்பக்கம் வெளியே வீசும். மேலே சொன்ன காரில் அது ஏறக்குறைய 1 மீட்டர். கண் முழுவதும் பின்னால் இருக்கும் நேரத்தில், எதிர்வரிசையில் நிற்கும் வண்டியிலோ தூணிலோ முன்பம்பர் போய் உரசுவது இப்படித்தான்.

பக்கக்கண்ணாடி:

அச்சாணி அவர்கள் சொன்ன கணக்கு சரியானது. ஆனால் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு மீட்டர் தெரியாது, கண்ணில் படுவது மட்டுமே தெரியும். எனவே எதைப் பார்ப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பயிற்சித் திடலின் அடையாளம் ஏன் வெளியே பயன்படவில்லை என்றால், அது இரண்டாவது கம்பத்துக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையிலான ஓர் ஏற்பாடு. இருக்கையை ஒரு பிடி முன்னே இழுத்தால்கூட அது மாறிவிடும். அதற்குப் பதிலாக, எந்தக் காரிலும் எந்த இடத்திலும் மாறாத ஓர் உறவைப் பாருங்கள். உள்பக்கத்துப் பின்சக்கரத்துக்கும், அது கடந்துபோக வேண்டிய மூலைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் அது. இதைப் பார்க்க வேண்டுமானால் வண்டி வளையும் பக்கத்துப் பக்கக் கண்ணாடியை வழக்கமான நிலையிலிருந்து சற்றுக் கீழே இறக்க வேண்டும். பின்கதவின் கைப்பிடி கண்ணாடியின் மேல்பாதியிலும், பின்டயர் தரையைத் தொடும் இடம் கீழ்ப்பாதியிலும் தெரிந்தால் போதும். சில கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டதும் கண்ணாடி தானாகவே கீழே சாயும். அந்த வசதி உங்கள் வண்டியில் இருந்தால் முடக்கி வைக்காதீர்கள். சாலைக்குத் திரும்பும் முன் கண்ணாடியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது மெல்லப் பின்னே வாருங்கள். கண்ணாடியில் முதலில் உங்கள் வண்டியின் பக்கம் மட்டும் தெரியும். பிறகு பக்கத்து வண்டியின் முன்பம்பர் மூலை கண்ணாடியின் ஓரத்தில் தலைகாட்டும். பிறகு அந்த மூலை உங்கள் பின்டயரை நோக்கி நகர்ந்து வருவதுபோல் தோன்றும். அந்த மூலைக்கும் டயருக்கும் இடையே தரை ஒரு பட்டையாகத் தெரியும் அல்லவா, அந்தப் பட்டையின் அகலத்தைப் பாருங்கள். அது சீராகக் குறைந்துகொண்டே போனால் ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்துங்கள். வண்டி அகலமாக வளைந்து விலகும். பட்டை அகலமாகிக்கொண்டே போனால் இன்னும் ஒடியுங்கள். ஏற்கெனவே முழுவதும் ஒடித்திருந்தும் அகலமாகிறது என்றால், மறுபக்கத்துக் கண்ணாடியைப் பாருங்கள், ஏனென்றால் நெருக்கடி அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கும். பின்சக்கரம் மூலையைக் கடந்துவிட்ட பிறகு, இரண்டு கண்ணாடிகளிலும் கோடு தெரியத் தொடங்கும். வண்டியின் பக்கமும் கோடும் இணையாக ஓடும் நொடிக்குச் சற்று முன்பே ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்குங்கள். இணையான பிறகு நேராக்கத் தொடங்கினால், கை சுற்றி முடிப்பதற்குள் வண்டி மறுபக்கம் சாய்ந்திருக்கும்.

கண்ணாடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல கார்களில் பக்கக் கண்ணாடி வெளிப்புறம் குவிந்த வகையாக இருக்கும். பரப்பு அதிகமாகத் தெரிவதற்காக அப்படிச் செய்திருப்பார்கள், ஆனால் அதில் பொருள்கள் உள்ளதைவிடச் சிறியவையாகவும் தொலைவில் இருப்பவையாகவும் தோன்றும். இரு பக்கமும் ஒரே வகைக் கண்ணாடி இல்லாத கார்களில், இடப்பக்கம் பழகிய கண் வலப்பக்கம் ஏமாறும். வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, உண்மையான இடைவெளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து அதே இடைவெளி கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். இதைச் சில இடங்களில் செய்தாலே கண் தானாக அளவெடுக்கத் தொடங்கிவிடும்.

கேமராவை மட்டும் நம்பி நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். கூடாது என்பதே என் விடை. கேமரா பின்பம்பருக்குப் பின்னால் தரையில் கிடப்பதைக் காட்டுவதில் ஈடிணையற்றது. பின்கண்ணாடி வழியாகத் தெரியவே தெரியாத ஒரு சிறு குழந்தையையோ, தாழ்ந்த கல்லையோ அது காட்டிவிடும். ஆனால் உங்கள் வண்டியின் பக்கவாட்டையும், வெளியே வீசும் முன்மூலையையும் அது காட்டாது. மேலும், திரையில் தெரியும் வண்ணக் கோடுகள் தரைமட்டத்துக்காக வரையப்பட்டவை. பின்னால் நிற்கும் சரக்கு வண்டியின் பலகையோ, சுவரிலிருந்து நீண்டிருக்கும் குழாயோ தரைக்கு மேலே இருந்தால், அது கோட்டுக்கு அப்பால் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் பம்பருக்கு மிக அருகில் இருக்கும். சென்சாரும் அப்படித்தான். அகலமான சுவரை நன்றாகக் கண்டுகொள்ளும் அது, மெல்லிய கம்பியையும் மிகத் தாழ்வான தடுப்பையும் தவறவிடக்கூடும். ஆகவே பக்கங்களுக்குக் கண்ணாடி, பின்தரைக்குக் கேமரா, இரண்டுக்கும் இடையில் தலையைத் திருப்பி ஒரு நேர்ப்பார்வை என்று கண்ணைச் சுழலவிடுங்கள். திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், பக்கத்தில் நடந்து வருபவரைக் கடைசி நொடியில்தான் காண்கிறார்கள்.

மெதுநடை:

மேலே இருவரும் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நாம் நடக்கும் வேகம்தான், ஆனால் அந்த வேகத்திலும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். 2.5 மீட்டர் அகலமுள்ள இடத்தில் 1.7 மீட்டர் அகலமுள்ள கார் நடுவில் நின்றால், கோட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 40 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். நடை வேகத்தில் அந்த 40 சென்டிமீட்டர் தீர்ந்துபோக ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. கண் பார்த்து, மனம் முடிவு செய்து, கால் பிரேக்கை மிதிக்க அதைவிட அதிக நேரம் வேண்டும். எனவே வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும், கையோ விரைவாகச் சுற்ற வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கை தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது, வண்டி அதற்குள் போய்விடுகிறது.

மேனுவல் கியர் வண்டியாக இருந்தால், சமதரையில் ஆக்சிலேட்டரைத் தொடவே தேவையில்லை. கிளட்சை மெல்ல விட்டு, அது பிடிக்கத் தொடங்கும் புள்ளியில், பாதத்தின் குதிகாலைத் தரையில் ஊன்றியபடி, ஹாஃப் கிளட்சில் வைத்து வண்டியை நகரவிடுங்கள். வலது கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். பின்பக்கம் மேடாக இருந்தால் சிறிது ஆக்சிலேட்டர் தேவைப்படும், ஆனால் அங்கே ஹாஃப் கிளட்சிலேயே நீண்ட நேரம் நின்றால் கிளட்ச் சூடேறிக் கருகல் வாடை வரும். அந்த வாடை வந்தால் நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக் போட்டுச் சற்று ஆறவிடுவது நல்லது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பிரேக்கை மட்டும் தளர்த்தினாலே வண்டி நகரும்.

ஒரே வீச்சில் உள்ளே போக வேண்டும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பலரைப் பதற வைப்பது இந்த எண்ணம்தான். கோணம் சரியில்லை என்று தெரிந்ததும் நின்று, முன்னே எடுத்து, திரும்ப வருவது முறையான ஓட்டுதலின் ஒரு பகுதி. நீண்டகாலம் ஓட்டுபவர்களும் அதைத் தயங்காமல் செய்கிறார்கள். அப்படி முன்னே எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது. விதி எளிது. இடப்பக்கம் ஒடித்துப் பின்னே வரும்போது வண்டியின் மூக்கு வலப்பக்கம் சுழல்கிறது. அதே சுழற்சி தொடர வேண்டுமானால், முன்னே போகும்போது வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அதாவது, பின்னே வருகையில் இடம், முன்னே போகையில் வலம். இரண்டும் வண்டியை ஒரே திசையில்தான் சுழற்றும். இடப்பக்கமே ஒடித்தபடி முன்னே எடுத்தால், வந்த வழியிலேயே திரும்பிப் போவீர்கள். கிடைத்த கோணமும் போய்விடும். வலது பின்மூலை பக்கத்து வண்டியை நெருங்கிவிட்டது என்றால், நின்று, வலப்பக்கம் ஒடித்து, ஒன்றிரண்டு மீட்டர் முன்னே போய், பிறகு மறுபடி இடப்பக்கம் ஒடித்துப் பின்னே வாருங்கள். இடம் கிடைத்துவிடும். வண்டி கோணத்தில் சரியாக இருந்து, ஒரு பக்கம் ஒட்டி மட்டும் நிற்கிறது என்றால், அங்கேயே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முழுவதும் வெளியே எடுத்துத் திரும்ப வருவதுதான் விரைவானது.

வழி அகலமாக இருந்தால் இன்னோர் உத்தியும் உண்டு, தொடக்கத்தில் எனக்கு இதுவே மிகவும் உதவியது. இடத்தைத் தாண்டும்போதே மூக்கை எதிர்ப்பக்கம் சாய்த்து, வண்டியைச் சாய்வாக நிறுத்துங்கள். பின்பகுதி ஏற்கெனவே இடத்தை நோக்கிப் பாதி திரும்பியிருக்கும். அதன் பிறகு முழுச் சுழற்சி தேவையில்லை, பாதிச் சுழற்சி போதும். இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் இடம் தொடக்கத்திலிருந்தே தெரியும் என்பது இதன் பெரிய நன்மை. எதிர்த்திசையில் வண்டி வருகிறதா என்று பார்த்த பிறகே மூக்கைச் சாய்க்க வேண்டும்.

பயிற்சிக்கு, ஆளில்லாத திடலில் உயரமான காலி அட்டைப்பெட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியும் உயரம் இருக்க வேண்டும். இடித்தாலும் வண்டிக்குச் சேதம் வரக்கூடாது. முதலில் இடத்தை 3 மீட்டர் அகலத்துக்கு அமைத்து, கை பழகப் பழகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பெட்டியின் இடத்தை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். மாற்றாமல் பழகினால் இன்னோர் அடையாளக் கணக்குத்தான் மனப்பாடமாகும்.

புதுக்கை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை காலியான திடல் ஒன்றில் இவற்றைச் செய்து பார்த்தேன். வரிசையிலிருந்து விலகி வருவது ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. நான் இதுவரை எப்போதும் வரிசையை ஒட்டியே ஓட்டி வந்துகொண்டிருந்தேன். முன்னே வலம், பின்னே இடம் என்பதும் இப்போது கைக்குப் புரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு பக்கம் கார், மறுபக்கம் தூண் என்று இருந்தால் எந்தப் பக்கம் அணைத்து நிறுத்துவது? பின்சுவருக்கு எவ்வளவு நெருங்கலாம் என்பதை எப்படி அறிவது? இவற்றுடன், பின்னால் வேறொரு வண்டி காத்துக்கொண்டு ஹாரன் அடிக்கும்போது என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பக்கக்கண்ணாடி:

தூண் அசையாது, அதற்குக் கதவும் கிடையாது. ஆகவே பொதுவாக உங்கள் கதவு இருக்கும் பக்கத்தில் இடம் விட்டு, மறுபக்கத்தைத் தூணுக்கு அணைத்து நிறுத்தலாம். உடன் வருபவர்களை முன்பே இறக்கிவிடுங்கள். உங்கள் கதவுப் பக்கமே தூண் இருந்தால், கதவு திறக்கும் இடத்துக்கு நேராகத் தூண் வராதபடி வண்டியைச் சற்று முன்னோ பின்னோ நிறுத்துங்கள். பல இடங்களில் தூண் வண்டியின் முன்சக்கரத்துக்கு அருகில் வரும். அப்போது கதவுக்குத் தடையிருக்காது. ஆனால் அதே தூண்தான் வெளியே எடுக்கும்போது ஆபத்து. முன்நோக்கி வளைந்து வெளியேறுகையில் உள்பக்கத்துப் பின்கதவு அதில் உரசும். பின்சக்கரம் தூணைத் தாண்டும்வரை நேராகவே வந்து, அதன் பிறகு ஒடியுங்கள்.

பின்சுவரைப் பொறுத்தவரை, கீழ்த்தளங்களில் இருட்டு ஒரு வகையில் உதவிதான். பிரேக்கை மிதித்தபடி வரும்போது விளக்கின் சிவப்பு வெளிச்சம் சுவரில் விழும். தொலைவில் அது பரந்து மங்கலாக இருக்கும். நெருங்க நெருங்கச் சுருங்கி அடர்ந்து, இரண்டு தனித்தனித் திட்டுகளாகிவிடும். அவை எந்த அளவில் இருக்கும்போது உங்கள் வண்டி சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது என்பதை ஒருமுறை இறங்கிப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சக்கரத் தடுப்புக் கல் இருக்கிறதே என்று அதை நம்பி வர வேண்டாம். பின்சக்கரத்துக்குப் பின்னால் வண்டியின் உடல் முக்கால் மீட்டர் வரை நீண்டிருக்கலாம். கல்லைச் சுவருக்கு நெருக்கமாக வைத்திருந்தால், சக்கரம் கல்லைத் தொடும் முன் பம்பர் சுவரைத் தொட்டுவிடும். டிக்கியைத் திறந்து பொருள் எடுக்க வேண்டியிருந்தால் அதற்கும் இடம் விட்டு நிறுத்துங்கள்.

மெதுநடை:

காத்திருப்பவர்களைப் பற்றி: நிறுத்தப்போகும் இடத்தை நெருங்கும்போதே இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். பின்னால் வருபவர் அதைப் பார்த்துத் தள்ளி நின்றால், உங்களுக்கும் இடம் கிடைக்கும், அவருக்கும் எரிச்சல் வராது. பெரும்பாலான ஹாரன், முன்னால் இருப்பவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாததால் வருவது. அவர் ஏற்கெனவே ஒட்டி வந்து நின்றுவிட்டார் என்றால், கையைக் காட்டி அவரைக் கடந்துபோகச் சொல்லுங்கள். கடந்துபோக வழியில்லை என்றால் ரிவர்ஸ் விளக்கு எரியும்படி கியரைப் போட்டு, பிரேக்கிலேயே காத்திருங்கள். பெரும்பாலும் அவரே பின்வாங்குவார். அவர் நகரும்வரை வண்டியை அசைக்காதீர்கள். அப்படியும் பதற்றம் குறையவில்லை என்றால், அந்த இடத்தை விட்டுவிட்டு, சற்றுத் தொலைவில் இருபுறமும் காலியாக உள்ள வேறோர் இடத்துக்குப் போய்விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வண்டியை அணைக்கும் முன் ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒடித்த நிலையில் விட்டுச் சென்றால், மறுநாள் எடுக்கும் முதல் நொடியிலேயே வண்டி பக்கத்து வண்டியை நோக்கித் திரும்பும்.

புதுக்கை:

மிக்க நன்றி. நாளை கீழ்த்தளத்தில், வண்டிகள் குறைவாக இருக்கும் காலை நேரத்தில், தூணுக்கு அருகே பயிற்சி செய்யப்போகிறேன். தூணில் எதையாவது மெத்தென்று கட்டி வைத்துக்கொண்டு பழகலாமா?

அச்சாணி:

தாராளமாகச் செய்யலாம். தடித்த அட்டையை பம்பர் உயரத்திலிருந்து கதவுக் கைப்பிடியின் உயரம் வரை சுற்றிக் கட்டுங்கள். கண்ணாடியில் எளிதாகத் தெரியும்படி வெளிர்நிற அட்டையாக இருக்கட்டும். முதலில் உள்ளே நுழைவதைவிட, நேராக நிற்கும் வண்டியைத் தூணை உரசாமல் வெளியே எடுப்பதைப் பழகுங்கள். உள்பக்கத்துப் பின்சக்கரம் எப்படிக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது என்பது அப்போது கண்முன் தெரியும்.